கர்ச்சீப் வைத்திருக்கும் ஆணைப் பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

கேட்டவர் 26 வயதுத் தம்பி. திருச்சிப் பக்கம் சொந்த ஊர், இப்போது டொரொண்டோவில் வேலை. அவர் கேட்டதன் சுருக்கம் இது. சின்ன வயதிலிருந்து பேன்ட் பாக்கெட்டில் கர்ச்சீப் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. புது ஆபீஸில் ஒருநாள் முகத்தைத் துடைத்தபோது ஒருவர், "எங்க தாத்தாகிட்டதான் இதைப் பார்த்திருக்கேன்" என்று சிரித்தாராம். பக்கத்தில் இருந்த பெண் முகம் சுளித்தாராம். இது பழைய பழக்கமா, அசிங்கமா, விட்டுவிடலாமா என்கிறார்.

விடவேண்டாம் தம்பி. ஆனால் அந்தப் பெண் ஏன் முகம் சுளித்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கூச்சமும் போகும், அவர்மேல் வருத்தமும் வராது. உங்கள் பாக்கெட்டில் இருப்பதும் அவர் மனதில் இருப்பதும் வேறு வேறு துணி. பெயர்தான் ஒன்று. நம் ஊரில் கர்ச்சீப் வியர்வைக்கும் கைக்கும். அங்கே அது மூக்குக்கு. கனடாவில், அமெரிக்காவில், ஐரோப்பாவின் பல ஊர்களில் ஓர் ஆண் சதுரத் துணியை வெளியே எடுத்தால், அதில் மூக்கைச் சிந்தி, நாலாக மடித்து, திரும்பவும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அவர் முகம் சுளித்தது அந்த மடிப்பை நினைத்து.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஜவுளி வியாபாரத்தில் இருந்தவன். கர்ச்சீப், துண்டு, லுங்கி விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். என் அப்பா பஸ் கண்டக்டர். அவரிடம் எந்நேரமும் இரண்டு கர்ச்சீப் இருக்கும். ஒன்று சட்டைக் காலருக்கும் பிடரிக்கும் நடுவே பட்டையாக மடித்துச் செருகியது. சித்திரை வெயிலில், நெரிசல் பஸ்ஸில் எட்டு மணி நேரம் நின்றால் காலர் கறுத்துப்போகும். காலரை பிரஷ் போட்டுத் தேய்த்தால் நூல் நைந்துவிடும். கர்ச்சீப்பை அலசிப் போட்டால் முடிந்தது. இன்னொன்று பாக்கெட்டில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு துடைப்பதற்கு மட்டும். இரண்டையும் அம்மா சேர்த்துத் துவைத்து நான் பார்த்ததில்லை.

கையால் சாப்பிடுகிற ஊருக்கு, சாப்பாடு முடிந்ததும் கை கழுவுகிற ஊருக்கு, ஈரக் கையைத் துடைக்க ஒரு துணி வேண்டும். பேப்பர் நாப்கின் நம் மெஸ்ஸுக்கெல்லாம் வந்ததே அண்மையில்தான். அதோடு இந்த ஒரு சதுரத் துணி எத்தனை வேலை பார்க்கிறது! கோயில் மண்டபத்தில் உட்காருமுன் கல்லைத் தட்டிவிட, பைக்கில் போகும்போது மூக்கைச் சுற்றிக் கட்ட, திடீர் மழையில் தலைக்குப் போட, கூட்டமாக வரும் பஸ்ஸின் ஜன்னல் வழியே சீட்டில் எறிந்து இடம் பிடிக்க. அந்தச் சீட்டில் கிடக்கும் கர்ச்சீப்பை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார முன்பின் தெரியாத ஆள்கூடத் தயங்குவான். கல்யாண மேடையில் ஹோமப் புகைக்கு முன்னால் மாப்பிள்ளை வியர்த்து வழியும்போது, பின்னால் நிற்கும் மைத்துனனோ தோழனோ கர்ச்சீப்பை எடுத்து நெற்றியில் ஒற்றிவிடுவார். எந்தக் கல்யாண வீடியோவிலும் அந்தக் காட்சி இருக்கும். 2020-ல் முகக்கவசம் கிடைக்காத முதல் வாரங்களில் இந்தத் துணியைத்தான் முகத்தில் கட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனோம்.

எல்.கே.ஜி. போன முதல் நாள் நினைவிருக்கிறதா? சட்டையில் ஊக்குப் போட்டு ஒரு கர்ச்சீப்பைக் குத்தி அனுப்பியிருப்பார்கள். பையன், பெண் வித்தியாசம் இல்லை. வளர்ந்த பிறகு பெண்களுக்கு முந்தானையும் துப்பட்டாவும் துணைக்கு வந்துவிடுகின்றன. ஆண்களுக்குத் தோளில் துண்டு இருந்தது. வேட்டி போய் பேன்ட் வந்தபோது துண்டும் தோளைவிட்டு இறங்கியது. அது சுருங்கிப் பாக்கெட்டுக்குள் போனதுதான் நம் கர்ச்சீப் என்று நான் நினைக்கிறேன். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெயர், ஆனால் செய்கிற வேலை முழுக்கத் துண்டின் வேலை.

துண்டு என்றதும் இதையும் சொல்லாமல் போக முடியாது. ஓர் ஆண் உடம்பில் இருக்கும் துணியை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி நம் மண்ணில் வெறும் நாகரிகக் கேள்வியாக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் மேல்சாதிக்காரர் எதிரே வரும்போது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கவேண்டும் என்ற கொடுமை இருந்தது. நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் அதே நிலைதான். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வித்வான் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்து வந்தபோது அதை எடுக்கச் சொன்னார்கள். சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்காமல் வாசியுங்கள் என்று கூடவே நின்றார். பெரியாரும் அந்தப் பக்கம்தான் நின்றார். ஒரு முழத் துணிக்காக ஊர்வலமே நின்ற கதை இது. இன்று உங்கள் பாக்கெட்டில் இருப்பதை எடு என்று சொல்ல ஊரில் எவருக்கும் அதிகாரம் இல்லை. டொரொண்டோவில் ஒருவர் சிரித்தார் என்பதற்காக நாமாகவே எடுத்து வீசிவிடவேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அங்கே எப்படி அது மூக்குத் துணியானது? பிரெஞ்சில் கைக்குட்டைக்குப் பெயரே மூக்குச் சிந்துவதிலிருந்து வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மூக்குப்பொடி பெரிய மோகம். பொடி போட்டால் தும்மல், தும்மினால் பழுப்புக் கறை. வெள்ளைத் துணியில் கறை தெரியும் என்று அடர்ந்த நிறத்தில் பெரிய கைக்குட்டைகளைத் தேடினார்கள். அவை போனது இந்தியாவிலிருந்து. வங்காளத்துப் பட்டில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய துணிகள். இன்று உலகமெங்கும் 'பண்டானா' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் நாட்டில் 'கட்டுதல்' என்ற பொருளில் வழங்கும் சொல்லிலிருந்து போனதுதான். நம் பெரியவர்களும் பொடி போட்டவர்கள்தான். அண்ணாவின் பொடிப் பழக்கம் ஊரறிந்தது. பொடிக்காரர் கர்ச்சீப்பை வீட்டில் தனியாகத்தான் போட்டு வைப்பார்கள்.

சதுர வடிவத்துக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் கைக்குட்டைகள் நீளமாகவும் வட்டமாகவும் பல வடிவில் இருந்தன. 1780-களில் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி, நாட்டில் நெய்யும் கைக்குட்டைகளின் நீளமும் அகலமும் சமமாக இருக்கவேண்டும் என்று ஆணை போட்டார். ராணி மரி ஆன்டுவானெட்டின் விருப்பம் அது என்பார்கள்.

அந்த மூக்குத் துணியை 'அசிங்கம்' ஆக்கியதில் பெரும்பங்கு விளம்பரத்துக்கு உண்டு. 1924-ல் அமெரிக்காவில் க்ளீனெக்ஸ் என்ற காகிதக் கைக்குட்டை வந்தபோது அது மூக்குக்காக வரவில்லை. பெண்கள் முகத்தில் பூசும் கோல்டு க்ரீமைத் துடைத்து எறிவதற்காக விற்றார்கள். வாங்கியவர்கள் அதை மூக்குத் துடைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்ததும், 1930 வாக்கில் விளம்பரம் மாறியது. சளியைப் பாக்கெட்டில் சுமந்து திரியாதீர்கள் என்றது. அதற்குச் சில வருடம் கழித்து, இரண்டாம் உலகப்போரின்போது, இங்கிலாந்து அரசு ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டி, தும்மலையும் இருமலையும் கைக்குட்டையில் பிடியுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு கரையில் அது கிருமியைத் தடுக்கும் துணி, மறு கரையில் கிருமியைச் சுமக்கும் துணி. உங்கள் ஆபீஸ் நண்பரின் தாத்தா முதல் கரையைச் சேர்ந்தவர். அவர் பேரன் காகிதத்தோடு வளர்ந்தவர்.

ஆனாலும் சளி விஷயத்தில் அந்தப் பெண் பக்கம்தான் நான். ஜலதோஷம் பிடித்திருக்கும்போது துணியில் சிந்தி, அதையே நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தால் கையெல்லாம் கிருமி. அந்தக் கையால்தான் கதவைத் திறக்கிறோம், கை குலுக்குகிறோம். ஃப்ளூ வைரஸ் துணியில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அப்போது காகிதக் கைக்குட்டை, சிந்தியதும் குப்பைத்தொட்டி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல். நம் வீடுகளிலும் மூக்குச் சிந்தப் புழக்கடைக்கோ குழாயடிக்கோதான் போவோம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகக் கைக்குட்டையில் சிந்துவது ஐரோப்பாவில் பலருக்குச் சாதாரணம். அதைப் பார்த்தால் நம் பாட்டி எழுந்தே போய்விடுவார். அருவருப்பு இரு பக்கமும் இருக்கிறது, இடம்தான் மாறுகிறது.

ஜப்பானுக்கு வேலையாக இரண்டு முறை போனேன். அங்கே இந்தக் குழப்பமே இல்லை. மூக்குக்குக் காகிதம், கைக்குத் துணி, தீர்ந்தது. பொது இடத்தில் மூக்கைச் சத்தமாகச் சிந்துவது மரியாதைக் குறைவு. ஆனால் கைக்குட்டை இல்லாமல் வெளியே வருவதும் ஒழுங்கீனம்தான். பல கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் வைப்பதில்லை, அவரவர் துணியை அவரவர் கொண்டுவரவேண்டும். தொடக்கப் பள்ளிகளில் கைக்குட்டையும் காகிதமும் கொண்டுவந்திருக்கிறாயா என்று பிள்ளைகளைச் சோதிக்கும் வழக்கம் உண்டு. நவம்பர் 3-ஐக் கைக்குட்டை நாள் என்று வைத்திருக்கிறார்கள். பெரிய கடைகளில் ஆண்களுக்கான கைக்குட்டைக்கென்றே தனி வரிசை இருந்ததைப் பார்த்து, ஒரு வியாபாரியாக நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

2006 கோடையில் அங்கே நடந்த ஒன்று உங்கள் கேள்விக்கு நேர் பதில். கோஷியென் என்ற உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி, நாடே டி.வி. முன்னால் உட்காரும் போட்டி. வசேதா ஜிட்சுக்யோ பள்ளியின் பந்துவீச்சாளர் யூகி சைட்டோ, இறுதிப் போட்டியில் 15 இன்னிங்ஸ் வீசியும் ஆட்டம் 1-1 என்று முடிவில்லாமல் போனது. மறுநாள் மறுபடி ஆடி 4-3 என்று ஜெயித்தார்கள். அந்த வெயிலில் அந்தப் பையன் பாக்கெட்டிலிருந்து மடித்து வைத்த நீலக் கைக்குட்டையை எடுத்து, பதறாமல் முகத்தை ஒற்றி, திரும்ப வைத்துக்கொண்டான். மற்ற பையன்கள் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாடே அவனுக்குக் 'கைக்குட்டை இளவரசன்' என்று பெயர் வைத்தது. அதே மாதிரிக் கைக்குட்டை தேடிக் கடை கடையாக அலைந்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் முகம் துடைத்ததுதான் நடந்தது. அதில் அவர்கள் கண்டது அவன் நிதானத்தையும் வளர்ப்பையும்.

மேடையில் நிற்பவர்களுக்கும் இது துணை நின்றிருக்கிறது. இத்தாலியப் பாடகர் பவரொட்டி 1973-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தனிக் கச்சேரி பாடியபோது கையில் பெரிய வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தார். பிறகு அது இல்லாமல் அவர் கச்சேரி இல்லை. கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்புத் துணி நினைவிருக்கும். 2004 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக அவர் கடைசி டெஸ்ட் ஆடியபோது மைதானம் முழுக்கச் சிவப்புக் கைக்குட்டை அசைந்தது. நம் மொகிந்தர் அமர்நாத் அதற்கு முன்பே சிவப்புக் கைக்குட்டையோடு ஆடியவர்.

இனி கொஞ்சம் என் தொழில் பெருமை. உலகத்துக்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்று ஒரு துணி தெரியும். பெயரில் கைக்குட்டை இருந்தாலும் அது ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம், அதாவது 36 அங்குலக் கட்டம் போட்ட பருத்திச் சதுரம். சென்னையிலிருந்து வடக்கே ஆந்திரத்துச் சீராலா வரை கடலோரத் தறிகளில் நெய்து கப்பல் ஏற்றினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது, கரீபியன் தீவுகளுக்குப் போனது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்பிலிருந்து சாவு வரை அவர்கள் சடங்குகளில் அந்தத் துணிக்கு இடம் உண்டு. சில நூல்களை மட்டும் நுணுக்கமாக அறுத்தெடுத்து, மெட்ராஸ் கட்டத்தைத் தங்கள் கோலமாக மாற்றிக்கொள்வார்கள். செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் பெண்கள் தேசிய உடையே மெட்ராஸ் கட்டம்தான். நம் நெசவாளி வீட்டு முற்றத்தில் பாவு போட்ட துணி, இன்னொரு கண்டத்தில் குலதெய்வம் மாதிரி மதிக்கப்படுகிறது. கொங்கு நாட்டில் தலையில் கட்டும் 'உருமால்' என்பதும் கைக்குட்டைக்கான 'ருமால்' என்ற பாரசீகச் சொல்லின் உறவுதான். ஈழத்தில் 'லேஞ்சி' என்பார்கள், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். எத்தனை கப்பல் ஏறி இறங்கிய துணி பாருங்கள்.

இப்போது உங்களுக்கு வேண்டியது. என் அப்பா செய்த மாதிரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இடத்தை மாற்றி. பேன்ட் பாக்கெட்டில் சுத்தமான பருத்திக் கர்ச்சீப், முகத்துக்கும் கைக்கும் மட்டும். கோட் பாக்கெட்டில் ஒரு சின்னக் காகிதப் பாக்கெட், மூக்குக்கு. டொரொண்டோ குளிரில் சளி இல்லாமலேயே மூக்கு ஒழுகும், அதனால் காகிதம் கட்டாயம். இந்தப் பிரிவினையை இரண்டு வாரம் கடைப்பிடித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

கர்ச்சீப்பை மடித்தபடி எடுத்து, ஒற்றி, மடித்தபடி வையுங்கள். சுருட்டித் திணித்த ஈரத் துணி எந்த ஊரிலும் பார்க்க நன்றாக இருக்காது, நம் ஊரிலும்தான். மஞ்சளேறிப்போன கர்ச்சீப்பை நேர்முகத் தேர்வில் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயோடேட்டா எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிரே இருப்பவர் கண் அந்தத் துணியில்தான் நிற்கும். தினம் ஒன்று மாற்றவேண்டும். வெந்நீரில் துவைத்து, வெயில் இல்லாத ஊரில் நன்றாக உலர்த்தி, சூடாக இஸ்திரி போடுங்கள்.

பின் பாக்கெட்டில் வண்ணக் கர்ச்சீப்பைத் தொங்கவிடாதீர்கள். 1970-களில் அமெரிக்க நகரங்களில் தன்பால் விருப்பம் கொண்ட ஆண்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள, எந்த நிறம், எந்தப் பக்கம் என்று அதை ஒரு சைகை மொழியாக வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் தெருக் குழுக்களில் நீலமும் சிவப்பும் எந்தக் கூட்டம் என்பதற்கு அடையாளம். அவரவருக்கு அதில் காரணம் இருந்தது. நமக்குத் தெரியாத மொழியில் நாம் எதையும் சொல்லிவைக்கவேண்டாம். வெள்ளையோ வெளிர் நிறமோ முன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

வாங்கும்போது துணியைப் பாருங்கள். பாலியெஸ்டர் கலந்தது பளபளக்கும், வியர்வையை உறிஞ்சாது, முகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நூறு சதம் பருத்தி, ஆண்களுக்கு 16 முதல் 18 அங்குலம். புதிதில் கஞ்சி ஏறியிருக்கும், தண்ணீர் பிடிக்காது. இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் அது கர்ச்சீப் ஆகும். ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா, வெறுமனே ஓவர்லாக் அடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் ஆறு மாதத்தில் நூல் நூலாகப் பிரியும்.

அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு டஜன் வெள்ளைக் கர்ச்சீப் வாங்கிவரச் சொல்லுங்கள். கர்ச்சீப்பைச் சும்மா கொடுத்தால் உறவு பிரியும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள், எங்கள் கடையிலும் அதற்காக ஒரு ரூபாய் கைமாற்றி வாங்கிப் போனவர்கள் நிறைய. கொண்டுவருபவர் கையில் மறக்காமல் ஒரு நாணயம் வையுங்கள்.